24 மணி நேரமும் பார்க்கிறோம் என்று 7,43,400 ரூபாய் வாங்கினார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் 140 பேர் வேலை செய்கிற கம்பெனி எங்களுடையது, கார்களுக்கான பிரஸ் பாகங்கள் செய்கிறோம். சர்வர், நெட்வொர்க், சிசிடிவி, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பது வரை எல்லாம் நானும் எனக்கு உதவியாக ஒரு பையனும்தான். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், அடித்து இன்றோடு பத்து நாள். கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். உங்கள் கம்பெனியில் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், படியுங்கள்.

எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கார் கம்பெனி மார்ச் மாதம் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதில் ஒரு கேள்வி, 24 மணி நேரப் பாதுகாப்புக் கண்காணிப்பு உண்டா என்பது. இல்லை என்று எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்று எம்.டி. சாருக்குப் பயம். அப்படித்தான் ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு கண்காணிப்புச் சேவை கம்பெனியிடம் போய் மாட்டினோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, உங்கள் சர்வர், ஃபயர்வால், கம்ப்யூட்டர்களின் லாக் (யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்ற பதிவு) எல்லாவற்றையும் தங்களிடம் இழுத்து, ராத்திரி பகலாக ஆள் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லும் வகைக் கம்பெனி.

நான் நம்பிய அந்த நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவர்கள் ஆபீசுக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். இருட்டான ஹால், சுவர் முழுக்கத் திரை, உலக வரைபடத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சிவப்புக் கோடுகள் பாய்ந்துகொண்டே இருந்தன. அந்த மாதிரி வரைபடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று எனக்கே தெரியும், அதற்கு நான் மயங்கவில்லை. ஆனால் அவர்களுடைய மேலாளர் என் லேப்டாப்பை வாங்கி, எங்கள் சர்வருக்கு வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அஞ்சாறு தடவை அடித்தார். நாலு நிமிஷத்தில் என் செல்போன் அடித்தது. "சார், உங்க அட்மின் அக்கவுண்ட்ல யாரோ முயற்சி பண்றாங்க, நீங்கதானா?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டார். எம்.டி. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் சொன்னார், "இனிமே நீங்க நிம்மதியா தூங்குங்க சார், நாங்க முழிச்சிருக்கோம்." அங்கேதான் விழுந்தேன். பகல் பதினொரு மணிக்கு, வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் வருவது ஒரு சோதனையா? ராத்திரி இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழு லட்சம், மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். 6,30,000, அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 7,43,400 ரூபாய். ஒரே தவணையில் அனுப்பினோம். அனுப்பச் சொல்லி எம்.டி. சாரை வற்புறுத்தியது நான்தான்.

ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, சர்வர் ரேக்குக்கும் சாமந்திச் சரம் கட்டிவிட்டு மூன்று நாள் லீவில் போனோம். திங்கட்கிழமை காலை 7.10க்கு ஸ்டோரிலிருந்து போன். லாரி நிற்கிறது, இன்வாய்ஸ் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை, எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். சாமந்தி காய்ந்து கிடக்கிற ரேக்கிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், கை நடுங்கியது.

அப்புறம் அந்தக் கண்காணிப்புக் கம்பெனியின் போர்ட்டலை, அதாவது எங்கள் அலர்ட்டுகளைக் காட்டும் அவர்களுடைய இணையதளத்தை, என் செல்போனில் திறந்தேன். எல்லாமே அதில் இருந்தது, அதுதான் கொடுமை. சனிக்கிழமை இரவு 11.42, ஒரு பழைய சாஃப்ட்வேர் சப்போர்ட் ஆளின் விபிஎன் கணக்கில் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) வெளிநாட்டிலிருந்து லாகின். 1.16, சர்வரில் ஆன்டிவைரஸ் நிறுத்தம். 2.31, விண்டோஸ் வைத்திருக்கும் ஷேடோ காப்பிகள், அதாவது ஃபைல்களை மீட்க உதவும் பழைய பிரதிகள், அழிப்பு. மூன்றுக்கும் சிவப்பு நிறத்தில் டிக்கெட், அதாவது கவனிக்க வேண்டிய பதிவு, மூன்றும் தானாகவே 'பார்க்கப்பட்டது' என்று குறிக்கப்பட்டு மூடப்பட்டிருந்தன. 11.42க்கே ஒருத்தர் என்னைக் கூப்பிட்டிருந்தால் பாடி ஏரியாவிலிருந்து பைக்கில் பத்து நிமிஷத்தில் போய் இணைப்பைத் துண்டித்திருப்பேன்.

அந்தப் பழைய கணக்கை மூடாமல் விட்டது என் தப்பு, அதை மறைக்கவில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் குழாய் வழியாக எரிபொருள் அனுப்பும் கலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள் திருடர்கள் நுழைந்ததும் இதே மாதிரி பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு வழியாகத்தான், அதில் பாஸ்வேர்டைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. படித்தும் இருக்கிறேன். ஆனால் என் தப்பு நடந்தால் பிடிக்கத்தானே 7,43,400 ரூபாய் கொடுத்தோம்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். காலை 8 மணிக்குக் கூப்பிட்டால், "டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க சார்." எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ரெய்ஸ் பண்ணுவது? ஒன்பதரைக்கு, "அலர்ட் உங்களுக்கு மெயில்ல போயிருக்கே." போயிருக்கிறது, லீவு நாள் நடு ராத்திரியில், என் ஆபீஸ் மெயிலுக்கு. மதியம் மேலாளர் பேசினார். தாக்குதல் நடந்தால் வந்து சரிசெய்வது எங்கள் பிளானில் கிடையாதாம், அதற்கு மேல் பிளான் எடுக்க வேண்டுமாம், இன்னும் நாலரை லட்சமாம். வீடு எரியும்போது வாசலில் நின்று விலை பேசினார். பழைய லாக் கேட்டால் 30 நாள்தான் வைத்திருப்போம் என்றார். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதியே உத்தரவு போட்டிருக்கிறது, இவர்கள் தொழிலே லாக் பார்ப்பதுதான்! அதே உத்தரவில், தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. "அவசரப்படாதீங்க, நாங்க ஃபைல் பண்றோம்" என்று என்னை நிறுத்தி வைத்தார்கள். நாலு மணிக்கு மறுபடி கேட்டால், "அது கஸ்டமரோட பொறுப்பு சார்." நானே உட்கார்ந்து அனுப்பினேன், கெடு தாண்டிவிட்டது.

புதன்கிழமை ராத்திரி ஒரு பையன் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டான். அன்றைக்கு நைட் ஷிப்டில் இருந்தவன். "சார், லீவு நாள்னு நான் ஒருத்தன்தான் இருந்தேன், முப்பது கம்பெனிக்கு மேல, அலர்ட் வந்துகிட்டே இருந்துச்சு, உங்களோடது கண்ல படல, மன்னிச்சிருங்க" என்றான். அவன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கில் பொய் அலர்ட் வந்தால் நிஜமானது எந்தக் கண்ணில் படும்? 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நாலு கோடி கார்டு விவரங்கள் திருடு போனபோதும் அலர்ட் வந்தது, பெங்களூருவில் இருந்த அவர்களுடைய குழு அதைப் பார்த்து அமெரிக்காவுக்குச் சொல்லவும் செய்தது, அங்கே யாரும் அசையவில்லை. ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு, ஒரு குழுவுக்கான காசு வாங்குகிறவர்கள் மேல்தான் என் கோபம்.

பேக்கப்பையும் அவர்கள் சொன்னபடிதான் அமைத்தோம். அதே நெட்வொர்க்கில், அதே அட்மின் பாஸ்வேர்டில். அதுவும் பூட்டிக்கொண்டது. பணத்தைக் கொடுத்துவிடலாமா என்று எம்.டி. சார் மெதுவாகக் கேட்டார். கலோனியல்காரர்கள் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தும், பூட்டிய ஃபைல்களைத் திறக்கத் திருடர்கள் தந்த சாவி (ஒரு சாஃப்ட்வேர்) ஆமை வேகத்தில் ஓடியதால் தங்கள் பேக்கப்பையே நம்பி வேலை பார்த்தார்கள் என்று சொன்னேன். இப்படிப்பட்ட சாவிகளை இலவசமாகத் தரும் நோ மோர் ரான்சம் தளத்தில் தேடினேன், எங்களுக்கு அடித்த வகைக்குச் சாவி இல்லை. கடைசியில் கை கொடுத்தது அக்கவுண்ட்ஸ் அக்கா. மாதக் கடைசியில் டேலியையும் டிராயிங்குகளையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துப் பீரோவில் பூட்டி வைப்பது அவர் பழக்கம், இருபது வருஷமாக. ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அந்த மாதத்துக் கணக்கு மட்டும்தான் போனது, அதையும் பில் காகிதங்களைப் பார்த்து அவரே ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

நாலு நாள் டெஸ்பாட்ச் நின்ற நஷ்டம் தனி. நான் கேட்பது அந்த 7,43,400 ரூபாயை மட்டும். மூன்று மெயில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. நேற்று வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டினோம். 'இயன்ற அளவு முயற்சி' என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, எத்தனை நிமிஷத்தில் கூப்பிடுவார்கள் என்று எங்கேயும் இல்லை, வழக்கு என்றால் மும்பையில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் முன்னால் விசாரணை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இன்னும் பதினோரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்ற வேண்டும், முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். நைட் ஷிப்டில் எத்தனை பேர், ஒருத்தருக்கு எத்தனை கம்பெனி என்று எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு, அவர்களுக்குச் சொல்லாமல், தப்பான பாஸ்வேர்டு அடித்துப் பாருங்கள். மெயில் போதாது, போன் வர வேண்டும், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை இன்றைக்கே மூடுங்கள். ஒரு பேக்கப்பாவது கேபிள் பிடுங்கிய நிலையில் இருக்கட்டும். பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து ஏமாற்றி எடுத்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வெள்ளிக்கிழமை போகிறது. இதே வகைக் கம்பெனியிடம் இதே மாதிரி மாட்டியவர்கள் அம்பத்தூர், கிண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்து போகலாம்.