கிரீன் டேயின் ஆரம்ப ஆல்பங்கள்: '39/ஸ்மூத்'தா, 'கெர்ப்ளங்க்'கா?

அமெரிக்க பங்க் ராக் இசைக்குழு கிரீன் டேயின் 'டூக்கி' ஆல்பத்தை (1994) கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போகிறவர்கள் முதலில் 'கெர்ப்ளங்க்' (1991) கேளுங்கள், '39/ஸ்மூத்' (1990) அப்புறம். இரண்டும் லுக்கவுட் என்ற சின்ன கம்பெனி வெளியிட்டவை, ஆனால் இரண்டுக்கும் நடுவே டிரம்மர் மாறிவிட்டார், அதுதான் பெரிய வித்தியாசம்.

'39/ஸ்மூத்' பதிவானபோது பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கு 17 வயது. நூலகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் பேசத் தைரியமில்லாமல் தவிக்கிற பையனின் பாட்டோடுதான் ஆல்பமே தொடங்குகிறது, மீதியும் கிட்டத்தட்ட அதே ஏக்கம்தான். மெட்டுகள் அருமை, ஆனால் கிட்டார் சத்தம் மெலிசு, ஜான் கிஃப்மேயரின் டிரம்ஸ் தாளத்தைத் தவறாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

'கெர்ப்ளங்க்'கில் புது டிரம்மர் ட்ரே கூல் உட்கார்ந்ததும் பாட்டுகளுக்கு ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. மைக் டர்ன்ட்டின் பேஸ் கிட்டார் தனியாகப் பேசுகிறது. 'வெல்கம் டு பாரடைஸ்' இதில்தான் முதலில் வந்தது, 'டூக்கி'க்காக மறுபடி பதிவு செய்தார்கள். பழையது கொஞ்சம் கரடுமுரடு, எனக்கு அதுதான் பிடிக்கும். நடுவில் அமெரிக்க கன்ட்ரி இசையைக் கிண்டலடித்து ட்ரே கூல் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது, தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

சரி, '39/ஸ்மூத்' வேண்டும் என்றால் தனியாகத் தேடாதீர்கள். அதோடு சில பாட்டுகளே கொண்ட இரண்டு சின்ன இசைத்தட்டுகளின் (EP) பாட்டுகளையும் சேர்த்த '1,039/ஸ்மூத்ட் அவுட் ஸ்லாப்பி அவர்ஸ்' தொகுப்பை எடுங்கள், 'கோயிங் டு பசலாக்வா' பாட்டும் அதிலேயே இருக்கிறது.