நோட்ல டைப்ஸ்க்ரிப்ட், மூணு வருஷம் ஓட்டிப் பாத்ததுல

நோட் (சர்வர்ல ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டுற Node.js) சர்வர் ப்ராஜெக்ட் ஒண்ணை டைப்ஸ்க்ரிப்ட்ல, அதாவது டைப் சேர்த்த ஜாவாஸ்க்ரிப்ட்ல, ஆரம்பிச்சு மூணு வருஷம் ஓடிடுச்சு. கோட் எழுதுறதெல்லாம் ஈசி தாங்க, அந்த செட்டப் தான் உயிரை வாங்கிடுச்சு. முதல் நாளே டிஎஸ்கான்ஃபிக்ல, அதாவது டைப்ஸ்க்ரிப்ட்டோட செட்டிங்ஸ் ஃபைல்ல, மாட்யூலை நோட்நெக்ஸ்ட்னு வச்சேன், பேக்கேஜ் ஜேசன்ல டைப் மாட்யூல்னு போட்டேன், அவ்ளோதான், எல்லா இம்போர்ட்டுக்கும் அடியில சிவப்புக் கோடு. என்னடான்னு பாத்தா ஃபைல் பேரு யூசர் டாட் டிஎஸ், ஆனா இம்போர்ட்ல யூசர் டாட் ஜேஎஸ்னு எழுதணுமாம்! இல்லாத ஃபைலை எப்படி இம்போர்ட் பண்றதுன்னு ஒரு சாயங்காலம் பூரா மண்டையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம் தான் உறைச்சது, கம்பைலர் அந்தப் பாத்தைத் தொடவே தொடாது, எழுதினதை அப்படியே விட்டுடும், ஓடும்போது நோட் தேடுறது கம்பைல் ஆகி வந்த ஜேஎஸ் ஃபைலைத் தானே.

ஸ்ட்ரிக்ட்டை, அதாவது டைப் செக்கை இறுக்குற செட்டிங்கை, அப்புறம் ஆன் பண்ணிக்கலாம்னு விட்டேன். தப்பு. ஆறு மாசம் கழிச்சு ஆன் பண்ணா திரை பூரா எரர், பாதிக்கு மேல நல் (null), அன்டிஃபைன்ட்னு மதிப்பே இல்லாத சமாச்சாரம் தான், உக்காந்து சரி பண்ணவே ரெண்டு வாரம் போச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் நாளே போட்டுடுங்க, ப்ளீஸ்.

ஆனா நான் செமையா அடி வாங்கினது வேற இடம். வெளி ஏபிஐ ஒண்ணுல இருந்து வர்ற தொகைக்கு நம்பர்னு டைப் போட்டு வச்சிருந்தேன், அவங்க ஸ்ட்ரிங்கா அனுப்பிட்டாங்க. 100ஐயும் 50ஐயும் கூட்டினா 10050! எடிட்டர்ல ஒரு முணுமுணுப்பு கூட இல்ல. ஜேசன் பார்ஸ் குடுக்கிறது எனி, அதாவது எதையும் செக் பண்ணாத டைப், அதுக்கு நாம என்ன டைப் சொன்னாலும் தலையாட்டும், ஓடும்போது டைப்ஸ்க்ரிப்ட் டைப்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அன்னைலேர்ந்து வெளியில இருந்து வர்றது எதுவா இருந்தாலும், என்வ் வேரியபிள் (வெளியில இருந்து ப்ரோக்ராமுக்குக் குடுக்கிற செட்டிங்) உட்பட, ஓடும்போது டேட்டாவைச் சரிபார்க்கிற ஸாட் லைப்ரரியோட ஸ்கீமா தாண்டித் தான் உள்ள வரும்.

மத்தபடி ரீஃபாக்டர் பண்றப்போ, அதாவது கோடைச் சீரமைக்கிறப்போ, டைப்ஸ்க்ரிப்ட் சொர்க்கம், ஒரு ஃபீல்டு பேரை மாத்தினா உடைஞ்ச இடத்தையெல்லாம் அதுவே காட்டிக் குடுத்துடும்.

இப்ப நோட் 22.18லேர்ந்து பில்டே இல்லாம நேரா டிஎஸ் ஃபைலை ஓட்டலாம். டைப்பை உரிச்சு எறியுமே தவிர செக் பண்ணாது, அதனால டைப்ஸ்க்ரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியைத் தனியா ஓட்டியே ஆகணும். கோட்ல ஈனம் (enum, பேரு வச்ச மதிப்புகளோட பட்டியல்) இருந்தா அப்படி நேரா ஓடவும் ஓடாது. எல்லாத்தையும் மாத்தி முடிச்சு ரன் குடுத்தா மறுபடியும் எரர். இம்போர்ட்ல இப்போ டாட் டிஎஸ்னு தான் போடணுமாம்.