பிலிப்பின் சிங்கமா, கல்லியேனஸின் மானா? விலங்கு பொறித்த ரோமானிய நாணயங்கள்: ஓர் ஒப்பீடு

ரோமானிய நாணயங்களில் விலங்கு உருவங்களை மட்டும் தேடிச் சேர்க்க நினைப்பவர் எந்தத் தொகுதியில் தொடங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே சொல்லப்படுகின்றன. ரோம் நகரம் தோன்றி 1000 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் வகையில் கி.பி. 248இல் பேரரசர் முதலாம் பிலிப் வெளியிட்ட வரிசை ஒன்று. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 267-268இல், கல்லியேனஸ் தம் ஆட்சியின் கடைசி மாதங்களில் வெளியிட்ட வரிசை மற்றொன்று. இரண்டுமே ரோம் நகரத்து அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தில், அடிக்கப்பட்டவை. இரண்டுமே அந்தோனினியானஸ் என்னும் வகை. அதாவது முன்பக்கத்தில் பேரரசர் கதிர்முடி சூடியிருப்பார். ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே நாட்டின் பணம் என்று நம்புவதே கடினம்.

பிலிப்பின் வரிசை ஒரு திருவிழாவின் நினைவு. நூற்றாண்டு விழாவைக் குறிக்கும் 'சேகுலாரேஸ்' என்ற சொல் விலங்கைச் சுற்றி ஓடும். விலங்கின் காலடியில் அந்த நாணயத்தை அடித்த பட்டறைப் பிரிவின் எண் ரோமன் எண்ணாக இருக்கும். ஒன்றாம் எண்ணில் சிங்கம், இரண்டாம் எண்ணில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாய், மூன்றாம் எண்ணில் இளவரசர் இரண்டாம் பிலிப்பின் பெயரில் ஆடு, நான்காம் எண்ணில் அரசி ஒத்தாசிலியா செவேராவின் பெயரில் நீர்யானை, ஐந்தில் கலைமான், ஆறில் இரலை. அரசிக்குக் கதிர்முடி கிடையாது; தோளுக்குக் கீழே பிறை இருக்கும். ஓநாயைத் தவிர மற்றவை விழா வேடிக்கைக்காக அரங்கில் இறக்கப்பட்ட விலங்குகள் என்றே கொள்ளப்படுகின்றன. யானை இந்த வரிசையில் இல்லை. பிலிப்பின் வேறொரு நாணயத்தில் பாகனைச் சுமந்தபடி நடந்து போகிறது. பாகன் கையில் அங்குசம் இருக்கிறதா என்று நம்மவர் கண் முதலில் தேடும். தெளிவாக அடிபட்ட நாணயத்தில் அது இருக்கிறது.

கல்லியேனஸின் வரிசையில் திருவிழா இல்லை, வேண்டுதல்தான் இருக்கிறது. மேற்கே 'கால்' (Gaul, இன்றைய பிரான்சு வட்டாரம்) என்னும் நாடு தனியரசாகப் பிரிந்து கிடந்தது. 267இல் ஹெருலியர் என்னும் வடபுலத்துப் பழங்குடியினர் ஏதென்ஸ் நகரைச் சூறையாடினர். 268இல் மிலான் அருகே கல்லியேனஸே கொல்லப்பட்டார். அந்த நெருக்கடியில் பேரரசரைக் காக்கும்படி ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லி அழைத்து, அத்தெய்வத்துக்கு உரிய விலங்கைப் பின்பக்கத்தில் பொறித்தார்கள். வேட்டைத் தெய்வம் தியானாவுக்கு மான் இனங்கள், அப்பல்லோவுக்குக் கழுகுத்தலைச் சிங்கமான கிரிஃபினும் பாதி மனிதன் பாதி குதிரையான சென்டாரும், சூரியனுக்குச் சிறகுடைய குதிரை, மதுத் தெய்வம் லிபெருக்குச் சிறுத்தை, கடல் தெய்வம் நெப்டியூனுக்கு மீன்வால் கொண்ட கடற்குதிரை, யூபிடருக்கு ஆடு. கண்ணால் கண்ட விலங்கும் கதையில் கேட்ட விலங்கும் ஒரே வரிசையில் நிற்பது பிலிப்பிடம் கிடைக்காத சுவை.

அடையாளம் காண்பதில்தான் இரண்டும் பெரிதும் விலகுகின்றன. பிலிப்பின் நாணயம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலமும் நான்கு கிராம் எடையும் கொண்டது. வெள்ளி குறைந்திருந்தாலும் வெள்ளி என்று சொல்லத்தக்கது. அச்சு நேராக விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்கே பிடரி மயிர் தெரியும். கல்லியேனஸின் கடைசிக் காலத்து நாணயமோ ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான வெள்ளி கலந்த செம்பு. மேலே பூசிய வெள்ளி பெரும்பாலும் போய்விட்டது, களிம்பு ஏறியிருக்கும், தகடு அச்சைவிடச் சிறியதாக இருப்பதால் எழுத்துகளில் பாதி விளிம்புக்கு வெளியே ஓடிவிடும்.

நான் முதலில் வாங்கிய கல்லியேனஸ் நாணயத்தோடு வந்த சீட்டில் 'கலைமான்' என்று எழுதியிருந்தது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தபோது கிளைக்கொம்பு என்று நினைத்தது அச்சில் விழுந்த ஒரு விரிசலாக இருந்தது. காலடியில் கிரேக்க எழுத்தான எப்சிலான். அந்த எழுத்து பெண் மானான பிணைமானுக்கு உரியது; கலைமானுக்கு 'பத்து' என்னும் ரோமன் எண் வர வேண்டும். அன்று முதல் விலங்கைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் தெய்வத்தின் பெயர், அடுத்து அடியில் உள்ள எழுத்து, பிறகே கொம்பு. காமா இருந்தால் இரலை, டெல்டா இருந்தால் கிரிஃபின், பீட்டா இருந்தால் சிறுத்தை. நெப்டியூனின் கடற்குதிரைக்கு மட்டும் 'ஒன்பதாவது' என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்தான N வரும். கலை, பிணை, இரலை, நவ்வி என்று மானுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. 'திரிமருப்பு இரலை' என்ற சங்கத் தொடரை அறிந்தவருக்கு முறுக்கிய கொம்பையும் கிளைத்த கொம்பையும் பிரித்துப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை, கொம்பு தேயாமல் இருக்கும் வரையில்.

விலையில் கல்லியேனஸ் மலிவு. பிலிப்பின் சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. போலி அபாயமும் விலையோடு சேர்ந்தே ஏறும். விலை உயர்ந்ததையே போலி செய்வார்கள் என்பதால் களிம்பேறிய கல்லியேனஸ் மானைப் போலியாக வார்க்க யாரும் மெனக்கெடுவது அரிது. இந்த அபாயத்தின் உச்சியில் இருப்பது ஜூலியஸ் சீசர் கி.மு. 49-48இல் தம் படையோடு நகர்ந்த அக்கசாலையில் அடித்த யானை தெனாரியஸ் என்னும் வெள்ளி நாணயம். யானை மிதிப்பது பாம்பா, கால் நாட்டவரின் விலங்குத்தலைப் போர்க்கொம்பா என்ற வாதம் தீரவில்லை. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலிகளே அதில் உண்டு. முதல் நாணயமாக அதை வாங்குவது வீண் துணிச்சல். மறுகோடியில் 330 முதல் கான்ஸ்டன்டைன் காலத்தில் பல நகரங்களில் அடிக்கப்பட்ட, பெண் ஓநாய் பொறித்த சிறு செம்பு நாணயம். மிக மலிவு, ஆனால் விலங்கு ஒன்றேதான்.

கோவை, கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியிலிருந்து வந்த ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. அவற்றில் மிகுதியாகக் காணப்படும் அச்சுகளில் மனித உருவங்களே உள்ளன. எனவே உள்ளூர்ப் புதையலை நம்பி இந்தச் சேகரிப்பைத் தொடங்க வழியில்லை.

ஒரே ஒரு நாணயம்தான் வாங்கப் போகிறேன் என்பவருக்குப் பிலிப்பின் சிங்கத்தைச் சொல்வேன். விருந்தினர் கையில் கொடுத்தால் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று வாங்கி, மாலை நேரத்தில் கண்ணாடியோடு உட்காருபவருக்குக் கல்லியேனஸ்தான். என் பெட்டியில் இப்போது அவருடைய விலங்குகள் ஒன்பது இருக்கின்றன. கிளைக்கொம்பு முழுதாகத் தெரியும் கலைமான் மட்டும் இன்னும் அகப்படவில்லை.