கிராமச் சுகாதாரத்துக்கு ஓர் இணையவழிக் கூட்டுப் பயிற்சி: சேரலாமா?

பெங்களூருவிலிருந்து நடத்தப்படும் இந்த இணையவழிப் பயிற்சியில், பல் மருத்துவம், பொறியியல், சமூகப் பணி, வணிகவியல் என வெவ்வேறு துறை மாணவர்களை ஒரே குழுவாக்கி, ஏதேனும் ஒரு கிராமத்தின் உடல்நலச் சிக்கலை ஒப்படைக்கிறார்கள். சமூகப் பணியில் முதுகலை பயிலும் நான் இடம்பெற்ற குழுவுக்கு வாய்த்தது, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் குடிநீரில் மிகுந்திருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு. கட்டணம் மாணவர்கள் தாங்கக்கூடியதே. பதிவு செய்து வைத்திருக்கும் பாடங்கள் கல்லூரிப் பாடநூலைத் தாண்டவில்லை. கொடுத்த பணத்துக்குப் பயன் கிடைப்பது வாராந்தரக் குழு விவாதத்தில்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். இந்தியத் தர விதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சினால் நீர்தான் வற்றும், ஃபுளூரைடு அப்படியே தங்கிச் செறிவு கூடிவிடும்.

எங்கள் பொறியியல் மாணவர் எடுத்த எடுப்பிலேயே ஊருக்கு ஓர் ஆர்.ஓ. நிலையம் (நீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது) என்று வரைபடத்தோடு வந்தார். சவ்வு மாற்றும் செலவை ஆண்டுதோறும் யார் ஏற்பது என்று வணிகவியல் மாணவி கேட்டார்; வெளியேறும் கழிவுநீர் யாருடைய நிலத்தில் போய் நிற்கும் என்று நான் கேட்டேன். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறைக்கு மாறினோம். அதில் அடியில் தங்கும் கசடு அடுத்த தகராறாயிற்று. விவாதத்தைத் திருப்பியவர் பல் மருத்துவ மாணவிதான்: நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது என்பதால், அதற்குப் பின் எவ்வளவு நல்ல நீர் கொடுத்தாலும் விழுந்த கறை போகாது என்று அவர் விளக்கியதும், ஊர் முழுவதற்குமான நிலையத்தை விட்டுவிட்டு, அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரை முதலில் சீராக்குவது என்று முடிவெடுத்தோம். பெரியவர்களின் எலும்புப் பாதிப்பு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போனதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனாலும் தனித்தனியாக எங்களில் எவருக்கும் இந்த வரிசைமுறை தோன்றியிருக்காது.

குறை எங்கே என்றால், ஊர்க்காரர் உள்ளே வர வழியில்லை. ஒகேனக்கல் நீர் எந்த நேரத்தில் வருகிறது, வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டியில் ஏற்றப்படுகிறதா என்பதெல்லாம் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவருக்கே தெரியும். அவரிடம் மின்னஞ்சல் முகவரி இல்லாததால் காணொளி அறைக்குள் அனுமதி கிடைக்கவில்லை. என் கைப்பேசியில் அவரை அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்து, கணினியின் முன் பிடித்துக்கொண்டிருந்தேன். தெலுங்கு கலந்த அவருடைய தமிழைக் குழுவில் கன்னடமும் இந்தியும் பேசுவோருக்கு நானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அப்படியொன்றும் பெருஞ்செலவல்ல. கிராமச் சுகாதாரச் செவிலியரோடு பேச ஒதுக்கியிருந்ததும் பகல் வேளை, அதாவது அவர் வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்கும் நேரம்.

இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் கேட்கப்படுகிறது, மதிப்பெண்ணும் அதற்கே. ஊராட்சிக்குத் தமிழில் ஒரு பக்கமாவது போய்ச்சேர வேண்டும் என்ற நிபந்தனை எங்குமில்லை. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பயிற்சிக் கால அட்டவணையை அதற்கு முன் முடியும்படி அமைத்திருந்தால், எங்கள் கணக்கை ஊராரே சபையில் வைத்துக் கேள்வி கேட்டிருக்கலாம்.

மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் மாணவர்கள் தயங்காமல் சேரலாம். சமூகப் பணி மாணவர்கள், களப்பணி நேரமாக இதைத் தங்கள் கல்லூரி ஏற்குமா என்று கேட்டறிந்த பிறகு பணம் கட்டுவது நல்லது. என் கல்லூரி ஏற்கவில்லை.