ஆர்மடில்லோ தோண்டிய தோட்டம்: கூண்டா, வேலியா, மருந்தா?

டெக்சஸ் முதல் புளோரிடா வரையிலான அமெரிக்கத் தென்மாநிலங்களில் புல்தரையுடன் கூடிய தனிவீட்டில் குடியிருப்பவர்களுக்கு, ஓடு போர்த்த உடலுடன் இரவில் மண்ணைத் தோண்டி இரை தேடும் ஆர்மடில்லோ அறிமுகம் தேவையில்லாத விலங்கு. ஆனால் அதை என்ன செய்வது என்று கேட்டால், தோட்டப்பொருள் கடைக்காரர் ஒரு விடையும், பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு விடையும், கூண்டு வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் மூன்றாவது விடையும் சொல்வார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு குழியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆர்மடில்லோ தோண்டும் குழி இரண்டு வகைப்படும். இரை தேடி மூக்காலும் நகத்தாலும் கிளறும் கூம்புக் குழி 1 முதல் 3 அங்குல ஆழமும் 3 முதல் 5 அங்குல அகலமும் கொண்டது. ஓர் இரவில் இப்படிப் பல குழிகள் விழும். குடியிருக்கத் தோண்டும் வளையோ 7, 8 அங்குல வாயுடன் தொடங்கி 15 அடி நீளம் வரைகூட மண்ணுக்குள் ஓடும். முன்னதால் கெடுவது புல்தரையின் அழகு. பின்னது வீட்டு அடித்தளத்துக்கோ, ஏசியின் வெளிப்புற இயந்திரம் அமர்ந்திருக்கும் கான்கிரீட் பலகைக்கோ, கார் நிறுத்தும் தளத்துக்கோ அடியில் அமைந்துவிட்டால், தாங்கி நிற்கும் மண்ணையே பறித்துவிடும். கீழே ஒப்பிடப்படும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு குழிகளில் எதற்கு அது மருந்து என்று கேட்டே எடைபோட்டிருக்கிறேன்.

விலங்கைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லாமல் வழிகளை ஒப்பிட முடியாது. ஓடு போர்த்த உடலைப் படத்தில் பார்க்கும் தமிழர் பலர் இதை நம் ஊர் அழுங்கின் உறவு என்று நினைத்துவிடுகிறார்கள். அழுங்கின் செதில் வேறு, இதன் எலும்புத் தகடு வேறு. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இதற்கு ‘ஆமைமுயல்’ என்று பொருள்படும் பெயர் உண்டு; ‘கவசமணிந்த குட்டி’ என்ற ஸ்பானியப் பெயரைவிட அது பொருத்தமானது என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து டெக்சஸுக்குள் வந்த இந்த விலங்கு, புளோரிடாவில் 1920களில் மனிதர் கையிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் தனியாக வேரூன்றியது. இன்று நெப்ராஸ்கா, இல்லினாய், இந்தியானா வரை வடக்கே பரவியிருக்கிறது. பெண் விலங்கு ஒரே கருமுட்டையிலிருந்து பிளவுபடும், அச்சு அசலாக ஒரே மாதிரியான நான்கு குட்டிகளை இளவேனிலில் ஈனும். கண்பார்வை மிகக் குறைவு. மோப்பமோ மண்ணுக்குள் பல அங்குலம் கீழே கிடக்கும் புழுவையும் காட்டிக்கொடுக்கும். உணவில் மிகப் பெரும்பகுதி வண்டு, மண்ணுக்குள் புல்வேரைத் தின்னும் வண்டின் இளம்பருவமான வேர்ப்புழு, எறும்பு, மண்புழு போன்றவை. செடியின் வேரைத் தின்பதற்காக அது தோண்டுவதில்லை. வேரருகே இருக்கும் புழுவுக்காகத் தோண்டும்போது செடி சாய்கிறது.

குற்றவாளி ஆர்மடில்லோதானா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. மண்ணை வரப்புபோல நீளமாக உயர்த்தியிருந்தால் அது அகழெலி. புல்லைப் பாய் சுருட்டியதுபோல் புரட்டிப் போட்டிருந்தால் ரக்கூன். உழுததுபோல் பெரும்பரப்பு கிளறப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி. தனித்தனிக் கூம்புக் குழிகள் சிதறிக் கிடந்தால் மட்டுமே கீழே வரும் பேச்சு பொருந்தும். அப்போதும், ஏறக்குறைய அதே அளவுக் குழியைத் தோண்டும் ஸ்கங்க் என்னும் சிறு விலங்கு அல்ல என்பதைக் கால்தடத்தைக் கொண்டு பிரித்தறிய வேண்டும்.

விரட்டிகளில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. விளக்கெண்ணெய் கலந்த உருண்டைகள், மிளகாய்த்தூள், வேட்டைவிலங்கின் சிறுநீர், ஒலி எழுப்பும் கருவி, சுழலும் விளக்கு என்று கடைகளில் பலவும் கிடைக்கின்றன. ஆர்மடில்லோவை நம்பகமாக விலக்கிவைக்கும் என்று நிறுவப்பட்ட பொருள் அவற்றில் எதுவும் இல்லை. நம் வீட்டு அலமாரியில் துணிகளுக்கிடையே கிடக்கும் பாச்சை உருண்டையை வளைக்குள் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பலனின்மை ஒருபுறம் இருக்க, பூச்சிக்கொல்லியாகப் பதிவான பொருளை உறையில் குறிப்பிடாத விதத்தில் பயன்படுத்துவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம், மண்ணும் கெடும். ஆர்மடில்லோவைக் கொல்லும் நஞ்சோ வளைக்குள் செலுத்தும் புகையோ பதிவுபெற்றதாகச் சந்தையில் இல்லை.

துப்பாக்கி என்பது தென்மாநிலங்களில் உண்மையாகவே முன்வைக்கப்படும் வழி; நகர எல்லைக்கு வெளியே பல இடங்களில் சட்டம் அதைத் தடுப்பதும் இல்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை நினைவுகூர வேண்டும். ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் ஆர்மடில்லோவைச் சுட்ட குண்டு தெறித்துச் சென்று, நகர்த்தக்கூடிய வீடொன்றினுள் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய மாமியாரின் முதுகில் பாய்ந்தது. ஜூலையில் கிழக்கு டெக்சஸில் ஒருவர் சுட்ட குண்டு அவருடைய தாடையையே தாக்கியது. இருவரும் உயிர்பிழைத்தார்கள். வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்புப் பகுதியில் இந்த வழியை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எஞ்சி நிற்பவை மூன்று: உணவைக் குறைத்தல், கூண்டு வைத்தல், வேலி போடுதல்.

உணவைக் குறைப்பது என்றதும் பலர் வேர்ப்புழு மருந்தையே நினைக்கிறார்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை வண்டின் முட்டை பொரியும் முன்கோடையில் இட்டால் இளம்புழுக்கள் அழியும். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்னும் மற்றொரு மருந்தை அதற்கும் முன்னதாக, வசந்தத்திலேயே இட வேண்டும். இலையுதிர் காலத்தில் குழிகளைப் பார்த்துப் பதறி இமிடாகுளோப்ரிட் வாங்கித் தெளிப்பவர், கொழுத்து வளர்ந்துவிட்ட புழுக்களுக்கு முன் பணத்தைக் கொட்டுகிறார். காலம் தவறாமல் இட்டாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது: ஆர்மடில்லோவின் தட்டில் வேர்ப்புழு ஒரு பதார்த்தம் மட்டுமே. மண்புழுவும் எறும்பும் கரப்பானும் இருக்கும் வரை அதற்குப் பந்தி நடந்துகொண்டுதான் இருக்கும். மருந்தால் தேனீக்களுக்கு நேரும் தீங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். புல்லிடையே களைப்பூ மலர்ந்திருக்கையில் இமிடாகுளோப்ரிட் தெளிப்பது தவறு. புல்லுக்கே வேர்ப்புழுவால் கேடு இருந்தால் மருந்து சரி. ஆர்மடில்லோவை விரட்டுவதற்காக மட்டும் என்றால் அது சுற்றுவழி.

இதே தலைப்பின் கீழ் வரும் மற்றொரு வழியை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, ஏனெனில் அதில் விற்க ஒன்றுமில்லை. நீரைக் குறைப்பதுதான் அது. ஈரமும் உரமும் மிகுந்த புல்தரையில் மண்புழுக்களும் பூச்சிகளும் மேல்மண்ணிலேயே தங்குகின்றன. மண்ணும் நகத்துக்கு இளகிக்கொடுக்கிறது. வறண்ட வாரங்களில் சுற்றிலும் நிலம் இறுகிக் கிடக்க, தானியங்கித் தெளிப்பானால் நனைந்த ஒரே ஒரு முற்றம் மட்டும் அந்த விலங்குக்குத் திறந்த சாப்பாட்டுக்கடையாகிறது. மாலையில் நனைப்பதை விடியற்காலைக்கு மாற்றி, வாடும் அறிகுறி தெரிந்த பிறகு ஆழமாக நீர்விட்டால், அது இரை தேடும் இரவுநேரத்தில் மேல்மண் ஓரளவு உலர்ந்திருக்கும். இதனால் குழிகள் முற்றாக நின்றுவிடா, குறையும். கூம்புக் குழி மட்டுமே உள்ள வீட்டுக்கு இதுவே முதற்படி என்பது என் கணிப்பு. வளைக்கு இதனால் பயனில்லை.

கூண்டு இதற்கு நேர்மாறு: சரியாக வைத்தால் விலங்கு சிக்கும், ஆனால் சரியாக வைப்பது எளிதல்ல. ரக்கூனுக்கு மீன் வைப்பதுபோல் இரை வைத்து ஆர்மடில்லோவை ஈர்ப்பது அரிது. உயிருள்ள பூச்சியை மண்ணுக்குள் தேடித் தின்னும் விலங்கு, தகட்டின்மேல் கிடக்கும் பழத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. காலுறையில் கட்டிய மண்புழுவைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வெற்றிக்கும் இரைக்கும் தொடர்பு குறைவு என்பதே பட்டறிவு. இடமே முக்கியம். கண் சரியாகத் தெரியாத இந்த விலங்கு சுவரோரம், வேலியோரம் மூக்கை உரசியபடியே நடக்கும். ஆகவே ஏறக்குறைய 32 அங்குல நீளமுள்ள, இரு முனையும் திறந்த கூண்டை அந்த ஓரத்திலோ வளையின் வாயிலிலோ வைத்து, ஆறடி நீளப் பலகைகளை இறக்கைபோல் இருபுறமும் விரித்து நிறுத்தினால், பலகை வழிகாட்ட அது தானே உள்ளே போய்விடும். முன்பு ஆர்மடில்லோ சிக்கிய கூண்டின் வாடை அடுத்ததை இழுக்கும் என்று தொழில்முறையாகக் கூண்டு வைப்பவர்கள் சொல்வதுண்டு. கூண்டைக் கழுவாமல் வைத்திருக்கச் சாக்காகவே அது சொல்லப்படுகிறதோ என்று ஐயம் எழுந்தாலும், மோப்பத்தை நம்பி வாழும் விலங்குக்கு அது பொருந்தாத கூற்றல்ல.

சிக்கிய பின் என்ன என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப்பார்ப்பதில்லை. காரில் ஏற்றித் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். புளோரிடாவில் அனுமதியின்றி அப்படி இடம் மாற்றுவது சட்டவிரோதம். பிடித்த தோட்டத்திலேயே திறந்துவிட்டால் கூண்டு வைத்ததற்குப் பொருளில்லை. ஆக, அங்கே கூண்டு என்பது நடைமுறையில் கொல்வதற்கான முதற்படி. அதற்கு மனம் ஒப்பாதவர் கூண்டை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். பிற மாநிலங்களின் விதிகள் வேறுபடும். டெக்சஸ் இந்த விலங்கை 1995இல் தன் அதிகாரபூர்வச் சிறு பாலூட்டியாக அறிவித்து மகுடம் சூட்டியிருக்கிறது. அதே டெக்சஸின் புறநகர்களில் அதற்குக் கூண்டும் வைக்கப்படுகிறது.

கூண்டு வழியின் மற்றொரு சுமை, விலங்கைக் கையாள்வது. மனிதரைத் தவிர இயற்கையில் தொழுநோய்க் கிருமியைப் பரவலாகச் சுமக்கும் மிகச் சில விலங்குகளில் ஆர்மடில்லோவும் ஒன்று. 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அதன் தாழ்ந்த உடல்வெப்பம் அந்தக் கிருமிக்கு உகந்தது. லூசியானாவிலுள்ள தேசியத் தொழுநோய்த் திட்டத்தின் ஆய்வாளர்கள், தென்மாநில நோயாளிகள் பலரிடமும் காட்டு ஆர்மடில்லோக்களிடமும் ஒரே கிருமிவகை இருப்பதை 2011இல் வெளியிட்டார்கள். இதைக் கேட்டு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை: மனிதரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு, கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றாகக் குணமாகும், குழியைப் பார்ப்பதால் யாருக்கும் எதுவும் வராது. வெறுங்கையால் தொடக் கூடாது, கையுறை வேண்டும், சிறுவர்களைக் கூண்டருகே விடக் கூடாது, அவ்வளவே. இந்தக் காரணத்தாலும் சட்டக் காரணத்தாலும், கூண்டுதான் வழி என்று முடிவானால் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்பதே மேல். செலவு கூடும், கொல்லும் வேலையும் கையாளும் வேலையும் நம்மிடமிருந்து விலகும்.

வேலியின் கணக்கு வேறு. தரைக்கு மேல் 24 அங்குலமாவது நின்று, 12 முதல் 18 அங்குலம் மண்ணுக்குள் இறங்கி, வெளிப்புறமாக 40 பாகை அளவில் சாய்ந்திருக்கும் கம்பிவலை வேலியை ஆர்மடில்லோ தாண்டுவது கடினம். மண்ணுக்குள் இறங்கும் பகுதி இல்லாத வேலி வீண்; தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட விலங்குக்கு அது வாசல் இல்லாத சுவர் அல்ல, வாசலை நீயே போட்டுக்கொள் என்னும் அழைப்பு. சாய்வும் முக்கியம், ஏனெனில் செங்குத்து வலையில் ஏறவும் அதனால் இயலும். முழு மனையையும் இப்படிச் சுற்றி வளைப்பதற்கு ஆகும் கூலியும் கம்பியும் மிகுதி. குடியிருப்போர் சங்கம் உள்ள வளாகங்களில் முன்புறத்தில் வேலி போட அனுமதி கிடைப்பதும் அரிது. காய்கறிப் பாத்தி, பூப்பாத்தி, ஏசி இயந்திரத்தின் பலகை, மரத்தள முற்றத்தின் அடிப்பகுதி என்று காக்க வேண்டியதை மட்டும் சுற்றினால் கணக்குக் கட்டுப்படியாகும்.

கூண்டையும் வேலியையும் எதிரெதிரே நிறுத்தினால் வேறுபாடு தெளிவாகும். கூண்டு இன்றிருக்கும் விலங்கை அகற்றும், நாளை வரப்போவதைத் தடுக்காது. ஈரமான புல்லும் ஆளில்லாத வளையும் அப்படியே இருந்தால் அடுத்தது குடிவரச் சில மாதம் போதும். வேலி நாளை வருவதைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் விலங்கை அது சிறைவைத்துவிடும். எனவே அடித்தளத்தின் கீழ் வளை இருக்கும் வீட்டில் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல: முதலில் கூண்டோ, வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவோ, உடனடியாக அதைத் தொடர்ந்து வலை. கூம்புக் குழி மட்டுமே உள்ள வீட்டில் இரண்டுமே மிகை. காலையில் காலால் புல்லை மிதித்து அமுக்கிவிட்டு, நீர்விடும் நேரத்தை மாற்றிவிட்டு, அது தின்று தீர்த்த வேர்ப்புழுக்களைக் கூலியாக எண்ணிக்கொள்பவரை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன்.

வளையை மூடும்போது இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புளோரிடாவில் கோஃபர் ஆமையின் வளை சட்டப் பாதுகாப்பு பெற்றது. அனுமதியின்றி அதை மூடுவது குற்றம். ஆமை வளையின் வாய் அதன் ஓட்டைப்போலவே கீழே தட்டையாகவும் மேலே வளைந்தும் அரைநிலவாக இருக்கும். ஆர்மடில்லோ வளை வட்டமாக இருக்கும். கைவிடப்பட்ட ஆமை வளையில் ஆர்மடில்லோ குடியேறுவதும் உண்டு என்பதால், ஐயமிருந்தால் மாநில வனவிலங்கு ஆணையத்தைக் கேட்டபின்பே மண்வெட்டியை எடுக்க வேண்டும். அடுத்தது, ஆளிருக்கும் வளையை மூடுவது. செய்தித்தாளைக் கசக்கி வாயில் தளர்வாக அடைத்து வைத்தால், உள்ளிருப்பது இரவில் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சில இரவுகள் தொடர்ந்து தாள் அசையாமல் இருந்தால் வளை காலி. அதன்பின் மண்ணும் கல்லும் இட்டு இறுக்கி மேலே வலை பதிக்கலாம். இளவேனிலில் மட்டும் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம், ஒருவழிக் கதவையும் பொருத்த வேண்டாம்: வெளியே வராத நான்கு குட்டிகள் உள்ளே இருக்கலாம்.