ஸ்லைடு கையுறை வீட்டிலேயே செய்ய: எந்த வில்லை, எந்த இணைப்பு?

லாங்போர்டில், அதாவது நீளமான ஸ்கேட்போர்டில், சரிவான சாலையில் இறங்கும்போது கையைத் தரையில் ஊன்றிப் பலகையைக் குறுக்கே திருப்பி வேகத்தைக் குறைக்கிறோம். அப்போது உள்ளங்கைக்கும் தார் சாலைக்கும் நடுவே இருப்பது ஸ்லைடு கையுறையில் பொருத்திய ஒரு வில்லை மட்டுமே. ஓட்டுபவர்கள் அதைப் பக் என்பார்கள். கையுறை செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது இந்த வில்லையைப் பற்றித்தான்: டெல்ரின் வாங்கலாமா, கோரியனா, இல்லை கட்டிங் போர்டே போதுமா? ஆனால் வில்லை தேய்ந்து கையுறை வீணாவது அபூர்வம். பாதி கூடத் தேயாத வில்லை கையுறையிலிருந்து பிய்ந்து, சாலையில் உருண்டு போவதுதான் அடிக்கடி நடக்கிறது. எந்தப் பொருளை எடுக்கிறோமோ அதைப் பொறுத்தே அதை எப்படி இணைக்க முடியும் என்பதும் அமைகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒப்பிட வசதியாக எல்லா வில்லையும் 9 செ.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டிங் போர்டு (எச்டிபிஇ)

வெள்ளை நிறக் கட்டிங் போர்டுகள் பெரும்பாலும் எச்டிபிஇ என்ற பாலிஎதிலீன். 12 மி.மீ. தடிமன் உள்ளதைத் தேடி எடுங்கள். 6 மி.மீ. பலகை வேண்டாம், சீக்கிரம் தேயும், திருகு போட இடமும் இராது. இந்த அளவில் ஒரு வில்லை 73 கிராம் வரும். கை வலிக்காது, வழுக்கல் நல்லது. குறை ஒன்றுதான்: 130 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். நீண்ட சறுக்கலில் அடிப்பக்கம் மெழுகு போல இளகி, சாலையின் கற்கள் அதை வழித்து எடுத்துவிடும். அதனால் தேய்மானம் அதிகம்.

ஆனால் அந்தக் குறைதான் வீட்டில் செய்பவருக்கு உதவுகிறது. வில்லையைக் கையுறையோடு பிடித்துவைப்பது வெல்க்ரோ என்ற கொக்கிப் பட்டை. இப்படி எளிதாக உருகுவதால் அந்த வெல்க்ரோவை நேரடியாக வில்லையின் முதுகில், அதாவது கையுறைப் பக்கத்தில், உருக்கிப் பதிக்கலாம். வேறு எந்தப் பொருளிலும் இது இவ்வளவு சுலபமில்லை.

யுஎச்எம்டபிள்யூ

இதுவும் பாலிஎதிலீன்தான், மூலக்கூறுச் சங்கிலிகள் மட்டும் பல மடங்கு நீளம். உருகும் வெப்பநிலை ஏறக்குறைய எச்டிபிஇ அளவே. உராய்வைத் தாங்குவதில் தெளிவாக மேல். ஆனால் சூடாக்கினாலும் வழிந்தோடாது, ரப்பர் போல நிற்கும். அதனால் வெல்க்ரோவின் நெசவுக்குள் இறங்கிப் பிடிக்காது. பசையும் ஒட்டாது, உருக்குப் பதிப்பும் வேலை செய்யாது. திருகு ஒன்றுதான் வழி.

டெல்ரின்

அசெட்டல் வகைப் பிளாஸ்டிக்; 175 டிகிரியில்தான் உருகும். கடினம், சீராகத் தேயும். ஒரு வில்லை ஏறத்தாழ 108 கிராம். இதன் பெரிய பலம் வேறு: உலோகத்தைப் போல மரை வெட்டலாம். 3.3 மி.மீ. துளை போட்டு எம்4 (4 மி.மீ. திருகுக்கான) மரை வெட்டினால் திருகு உறுதியாக உட்காரும், பிறகு தளராது. பசை மட்டும் இதில் நிற்காது. தீயில் காட்டவும் கூடாது. அளவுக்கு மேல் சூடானால் ஃபார்மால்டிஹைடு வெளிவரும்; கண்ணும் மூக்கும் எரியும். கட்டிங் போர்டில் செய்த உருக்கு வேலையை இதில் செய்து பார்க்கவே வேண்டாம்.

கோரியன்

சமையல் மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல். மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின், மீதி அலுமினிய ட்ரைஹைட்ரேட் தூள். வழக்கமான பலகை 12 மி.மீ.தான், மேடை அமைப்பவர்களிடம் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும். நிறைய நாள் உழைக்கும். சொரசொரப்பான சாலையிலும் கடகடவென்று ஒரே சீராக வழுக்கும். எடை 130 கிராம் வரை போகும். எபாக்சி பசை இதில் மட்டும்தான் ஒழுங்காக ஒட்டும். ஆனால் தரையில் தவறி விழுந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். நேராகத் திருகு போட்டால் விரிசல் விடும். வெட்டும்போது கிளம்பும் தூள் மிக நுண்மையானது, முகமூடி கட்டாயம்.

நைலான் வேலை செய்யும், ஆனால் ஈரம் குடிக்கும். அக்ரிலிக் தகடு உடையும். பிவிசி கருகி அமில வாடை வரும். மரத்தை யோசிக்கவே வேண்டாம், சிம்பு கிளம்பும்.

இணைப்பு: இங்கேதான் கையுறை தோற்கிறது

வெல்க்ரோவில் இரண்டு பக்கம்: கொக்கி உள்ள முரட்டுப் பக்கம், மெத்தென்ற பக்கம். மெத்துப் பக்கம் கையுறைக்கு, கொக்கிப் பக்கம் வில்லைக்கு. மாற்றி வைத்தால் உள்ளங்கை முழுக்கக் கொக்கி நின்று, உடையையெல்லாம் பற்றி இழுக்கும்.

பின்னால் பசை தடவி வரும் வெல்க்ரோவைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். மேசைமேல் இழுத்துப் பார்த்தால் நன்றாகவே பிடித்திருக்கும். பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் என்பதால் முதல் இரண்டு சறுக்கலிலும் ஒன்றும் ஆகாது. வில்லை தேயத் தேய, சறுக்கல் நீள நீள, சூடு முதுகுக்கு ஏறும், பசை இளகும், பக்கவாட்டு இழுப்பில் வில்லை மட்டும் கழன்று ஓடும். பாலிஎதிலீனில் பசைக்குப் பிடிமானமே குறைவு. துப்பாக்கிப் பசையும் சூடானால் இதே கதிதான். இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

உருக்கிப் பதிப்பது எச்டிபிஇக்கு மட்டும். பசை இல்லாத, நெய்த முதுகுள்ள வெல்க்ரோ வேண்டும். வில்லையின் முதுகில் ஹேக்சா பிளேடால் 1 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கொக்கிகளின்மேல் ஒரு மெத்துப் பக்கத் துண்டை ஒட்டி வையுங்கள். அழுத்தும்போது கொக்கி நசுங்காமல் அது காக்கும். திறந்த வெளியில் வைத்து, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் முதுகு முழுவதும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். சிறிது நேரத்தில் பால்வெள்ளை மங்கி, மேற்பரப்பு ஈரக் கண்ணாடி போலத் தெளியும். அதுதான் பதம். பழுப்பு ஏறினாலோ புகை வந்தாலோ மீறிவிட்டது என்று பொருள். உடனே வெல்க்ரோவை வைத்து, தட்டையான மரக்கட்டையால் அழுத்தி, மேலே பாரம் ஏற்றி முழுதாக ஆறும்வரை விடுங்கள். பாதிச் சூட்டில் பாரத்தை எடுத்தால் வில்லை கிண்ணம் போல வளையும்.

நைலான் கொக்கிகள் 200 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் இந்தச் சூட்டில் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இது வேதிப் பிணைப்பு இல்லை, நெசவு பிளாஸ்டிக்கில் புதைந்து பிடிப்பதுதான். அதனால் விளிம்பை ஒட்டி நான்கு சிறு திருகுகளும் போட்டுவிடுங்கள். 8 மி.மீ. நீளம், தட்டைத் தலை, அடியில் மெல்லிய வாஷர். வெல்க்ரோவின் தடிமன் 2 மி.மீ. போக, வில்லைக்குள் 6 மி.மீ. இறங்கும். வில்லை 7 மி.மீ. ஆகும்போது தூக்கிப் போட வேண்டும். தாமதித்தால் திருகு முனை சாலையைத் தொடும், அந்தக் கணம் கை நின்றுவிடும்.

கோரியனுக்கு எபாக்சி: முதுகை 80 எண் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அதிகமானால் நெசவு வழியே மேலேறிக் கொக்கிகளை மூழ்கடித்துவிடும்.

வெல்க்ரோவே இல்லாமல், வில்லையையும் கையுறையையும் ஒரே போல்ட்டால் முடுக்குகிறவர்கள் உண்டு. பிடிப்பு மிக உறுதி, அதுவே ஆபத்து. விழும்போது நட்டு உள்ளங்கை எலும்பில் குத்தும், துளையைச் சுற்றித் தோல் கிழியும். வில்லையைச் சுழற்றி மாற்றவும் முடியாது. இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வெட்டுவது

95 மி.மீ. ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) ஏறக்குறைய 9 செ.மீ. வில்லை தரும், நடுவில் விழும் துளையால் கெடுதல் இல்லை. ஜிக்சா என்றால் பெரிய பல் பிளேடு, குறைந்த வேகம். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, பிளேடு கடந்த வெட்டு பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். அடி விளிம்பை 45 டிகிரியில் 3 முதல் 4 மி.மீ. சாய்த்து உப்புத்தாள் போடுங்கள். கூர் விளிம்பு சாலை வெடிப்பில் மாட்டினால் வில்லை பிய்ந்துவிடும். சதுரத்தைவிட வட்டமே நல்லது: ஒரு பக்கம் தேய்ந்தால் எந்தக் கோணத்துக்கும் திருப்பி வைக்கலாம்.

கையுறை

மாட்டுத்தோல் வேலைக் கையுறைதான் நடுவழி. வெல்டிங் கையுறை இன்னும் தடிமன், ஆனால் விரல் மடக்குவது சிரமம், தொளதொளவென்று இருந்தால் வில்லை உள்ளங்கையில் சுழலும். மெக்கானிக் கையுறையின் செயற்கைத் தோல் சூட்டில் இளகும். ரப்பரில் தோய்த்த கையுறையும் ரப்பர் புள்ளி வைத்ததும் கூடவே கூடாது: ரப்பர் சாலையைப் பற்றும், கை நிற்கும், உடல் மேலே போகும், மணிக்கட்டு முறுக்கும். எதை எடுத்தாலும் மணிக்கட்டில் இறுக்கும் பட்டை வேண்டும். இல்லையென்றால் சறுக்கல் கையுறையையே உருவிவிடும்.

வில்லையின் இடத்தைக் கண்ணால் குறிக்காதீர்கள். கையுறை போட்டு, தரையில் சாக்பீஸ் தூளைப் பரப்பி, பலகையில் குந்தி, சறுக்கும் நிலையிலேயே கையை ஊன்றுங்கள். கிளிஃப் கோல்மேன் பெயரால் வழங்கும் கோல்மேன் ஸ்லைடில் கை உடலுக்குப் பின்னால் போகும். அப்போது எடை உள்ளங்கையின் அடிமேட்டில் விழும். வெள்ளை அழுத்தமாகப் படிந்த இடமே வில்லையின் மையம்.

மெத்துப் பக்கத்தை வில்லையைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக வெட்டுங்கள். தோலில் முதலில் நியோப்ரீன் பசையால் ஒட்டி, பிறகு தையுங்கள். பசை நகராமல் பிடிக்க, பாரத்தைத் தாங்குவது தையல். சாதாரணப் பருத்தி நூல் அறுந்துபோகும். மெழுகிட்ட பாலியஸ்டர் அல்லது கெவ்லர் நூல் எடுங்கள். ஊசித் துளைகளை முன்னரே கொக்கூசியால் 4 மி.மீ. இடைவெளியில் போட்டு, விளிம்பைச் சுற்றி இரண்டு வரிசை, நடுவில் பெருக்கல் குறி. கையுறைக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டால் மறுபக்கத் தோலைச் சேர்த்துத் தைத்துவிட மாட்டீர்கள். மடியும் ரேகையின் மேல் தையல் ஓடினால் கை மூடாது.

முதலில் பொத்தலாவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகள். அங்கே மிஞ்சிய தோலை இரண்டாம் அடுக்காகத் தைத்துவிடலாம். விரல்களுக்குத் தனி வில்லை என்பது விரலைத் தூக்கிவைக்கப் பழகாதவர்களுக்கு ஒத்தாசை, பழகியவர்களுக்கு இடைஞ்சல்.

எதை எடுப்பது

முதல் ஜோடிக்கு எச்டிபிஇ, உருக்கிப் பதித்த வெல்க்ரோ, நான்கு திருகு. தேய்வது வேகம்தான், ஆனால் ஒரு பலகையில் பல வில்லை கிடைக்கும், பிழை செய்தாலும் நட்டமில்லை. சறுக்கல் நீண்டு, வாரம் தவறாமல் இறங்குகிறவர்களுக்கு மரை வெட்டிய டெல்ரின். வெட்டுத் துண்டு கையில் கிடைத்து, தூளைச் சமாளிக்க இடமும் இருந்தால் மட்டும் கோரியன்.

மலைக்குக் கொண்டுபோகும் முன், கையுறை போட்டு வில்லையின் விளிம்பைப் படிக்கட்டு விளிம்பில் மாட்டி, உடல் எடையோடு நாலாபக்கமும் இழுங்கள். வெல்க்ரோ கரகரவென்று பிரியும் சத்தம் வந்தால் கொக்கியில் தூசி அடைந்திருக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். சத்தமில்லாமல் வெல்க்ரோவோடு சேர்ந்து பெயர்ந்தால் இணைப்பே சரியில்லை, திரும்பச் செய்ய வேண்டும். அசையாவிட்டால் தலைக்கவசம் போட்டு, வண்டி வராத சின்ன இறக்கத்தில், ஓடும் வேகத்துக்கு மேல் போகாமல் பத்துச் சறுக்கல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வில்லையைக் கழற்றி முதுகைத் தொட்டுப் பாருங்கள். முதுகு வரை சூடு ஏறியிருந்தால் அடுத்த சறுக்கலுக்கு முன் ஆறவிடுங்கள்.