டூல் விதிகள்: விவரிப்பிலா, ஸ்கீமாவிலா?

ஏஐ மாடல் ஒரு வேலைக்காகக் கூப்பிடும் செயல்பாடுதான் டூல். அது எதற்கு என்று சாதாரண வாக்கியங்களில் சொல்வது விவரிப்பு; அதற்கு அனுப்பும் தரவின் வடிவத்தை வரையறுப்பது ஸ்கீமா. ‘நிலை: திறந்தது, மூடியது மட்டும்’ என்று விவரிப்பில் எழுதினால் மாடல் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். ஆனாலும் நீண்ட உரையாடலில் சிலசமயம் ‘முடிந்தது’ என்று தன்னிஷ்டத்துக்கு ஒரு மதிப்பை அனுப்பிவிடும். அதே இரண்டையும் ஸ்கீமாவில் அனுமதித்த மதிப்புகளாகக் கட்டிவைத்தால், தவறானது வேலிடேஷனிலேயே (தரவைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே) நின்றுவிடும். தேதி வடிவம், கட்டாயப் புலங்களும் ஸ்கீமாவுக்குத்தான்.

எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்பதை மட்டும் ஸ்கீமா சொல்லாது. ஆர்டரைத் தேட ஒன்று, திறக்க ஒன்று என இருந்தால் மாடல் குழம்புவது இங்கேதான். திறக்கும் டூலில், “ஆர்டர் எண் தெரிந்தால் மட்டும், பெயர்தான் இருக்கிறதென்றால் முதலில் தேடல்” என்று எழுதுங்கள். தேடலில், “அதிகபட்சம் 20 முடிவுகள், மீதி அடுத்த பக்கத்தில்” என்பது அவசியம். விட்டுவிட்டால், வந்த 20-ஐயே மொத்தக் கணக்காக மாடல் சொல்லிவிடக்கூடும்.

ஒரே விதியை விவரிப்பு, ஸ்கீமா இரண்டிலும் எழுதி, பிறகு ஒன்றை மட்டும் திருத்துவது, ஏதாவது ஒன்றில் மட்டும் எழுதுவதைவிட மோசம்.